முதல் பக்கத்துக்கு ஒரு பூசணிக்காய்

1

இந்தக் கதை ஒரு குளியலறை டைல்ஸ் கம்பெனியால் பிறந்தது. அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் மரியாதை.

செம்பூரில் லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் வேலை பார்க்கிறேன். வேலையின் பெயர் சோஷியல் புக்மார்க்கிங். படித்ததில் பிடித்ததைச் சேர்த்துவைக்க இணையத்தில் தளங்கள் உண்டு. இணைப்பைப் போட்டு, கீழே இரண்டு வரி விளக்கம் எழுதலாம். பிடித்தவர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டு ஏறினால் முதல் பக்கம். முதல் பக்கத்துக்குப் போனால் அந்த வலைப்பதிவுக்குக் கூட்டம். எங்கள் வாடிக்கையாளர்களின் வலைப்பதிவுகள் யாருக்கும் பிடிப்பதில்லை. ஆகவே பிடித்தவர்களையும் நாங்களே தயாரிக்கிறோம். ரெனால்ட் நான்தான். ஆனியும் நான்தான். ரெனால்டுக்கு வழுக்காத டைல்ஸ் என்றால் உயிர். பல் வேர் சிகிச்சை பற்றி ஒரு கட்டுரையாவது வாசிக்காவிட்டால் ஆனிக்குச் சாப்பாடு இறங்காது.*

* ஆனியும் ரெனால்டும் ஒருவர் இணைப்புக்கு மற்றவர் ஓட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்குள் ஏதோ இருக்கிறது. அது வேறு கதை.

ஒரு நாள் டைல்ஸ் விளக்கப் பெட்டியில், ‘வழுக்காத தரையில் நிற்கிற முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான்’ என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டேன். மேலாளர் வேங்கடசுப்ரமணியன் மாதுங்காக்காரர். சட்டையைப் போலவே பேச்சுக்கும் இஸ்திரி போட்டிருப்பார்.

“ஜெனிஃபர், இது டிஸ்கிரிப்ஷன். சுயசரிதை இல்லை. கதை எழுதணும்னா ஆத்துல போய் எழுதிக்கோ.”

எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: தாராவியின் குறுகிய சந்துகளுக்குள் எத்தனையோ கனவுகள்—

(வேண்டாம். கேமராவோடு வருகிறவன் எல்லாம் இப்படித்தான் தொடங்குகிறான். சந்து குறுகல் என்பது எங்களுக்குச் செய்தியா?)

இரண்டாம் தொடக்கம்: ஏஞ்சலம்மாள் அன்பே உருவான ஒரு தாய். அவள் கைகளில்—

(கைகளில் கரண்டி. மாஹிமில் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் சமைக்கிறாள். அன்பு உண்டு, ஆனால் உருவம் அதுவல்ல.)

மூன்றாம் தொடக்கம்: எங்கம்மா ஏஞ்சலம்மாள் கோயிலில் பொய் சொன்னாள்.

இது நிற்கும்.

3

கோயில் என்றால் சர்ச். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எனக்கு வேலை கிடைத்ததும் அம்மா ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தாள். காணிக்கை உறையின் மேல் காரணத்தை எழுத வேண்டும். போதகர் ஆராதனையில் அதைச் சபை முழுக்கக் கேட்க வாசிப்பார். யார் வீட்டில் பைக் வாங்கினார்கள், யாருக்கு மூல ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பதெல்லாம் எங்களுக்கு இப்படித்தான் தெரியும்.

அன்று வாசித்தது: “மகள் ஜெனிஃபருக்குக் கம்ப்யூட்டர் இஞ்சினியர் வேலை கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்.”

நான் பி.காம். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மிதித்ததே போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் போதவில்லை. நான் இஞ்சினியர் இல்லை. சுவரில் ஒட்டாமல் கம்ப்யூட்டரில் ஒட்டுகிற போஸ்டர்காரி. அன்றிலிருந்து சபையில் யார் போன் செத்தாலும் என்னிடம்தான் வருகிறது.*

* ஒரு மிக்ஸியும் வந்தது.

அந்தக் கோபத்தில்தான் இவ்வளவையும் எழுதி, அம்மாவின் பெயரைக்கூட மாற்றாமல், என் வலைப்பதிவில் போட்டேன். இங்கேவரை வாசித்த மொத்த வாசகர்: நான்.

4

(இதிலிருந்து பிறகு எழுதியது. கதை தன் பாட்டுக்கு நடக்கத் தொடங்கிவிட்டதால் நானும் பின்னாலேயே ஓட வேண்டியதாயிற்று.)

தமிழில் அப்படியொரு சேமிப்புத் தளத்தில் இணைப்பைப் போட்டேன். ரெனால்டையும் ஆனியையும் கூப்பிடவில்லை. டைல்ஸுக்குப் பொய் ஆட்கள் போதும். பொய்யைத் திட்டி எழுதிய கதைக்கு உண்மையான ஆட்கள் வேண்டும். சந்துக்காரர்களைக் கேட்டேன்.

வேதமுத்துப் பெரியப்பாவிடம் முதலில் போனேன். சொந்தப் பெரியப்பா இல்லை. அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுகிறவர். சபையார் கொண்டுவரும் கோழி, வாழைத்தார், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் ஏலம் விடுவார். அடுத்தவர் வீட்டுப் பொருளை ஏற்றிக் கேட்பதுதான் மரியாதை. மலிவாகப் போனால் அந்த வீட்டுக்கே வெட்கம். அம்மா வருஷாவருஷம் பூசணிக்காய் கொண்டுபோவாள். ஏலம் தேங்கினால் அவளே ஏற்றிக் கேட்டு, அவளே இடுப்பில் வைத்துச் சுமந்து வருவாள். அந்த வாரம் முழுக்க எங்களுக்குப் பூசணிக்காய்.

புக்மார்க், ஓட்டு, முதல் பக்கம் என்று நான் விளக்கிய எதுவும் பெரியப்பாவுக்கு ஏறவில்லை. கடைசியில் ஏலம் மாதிரி ஏற்றிவிட வேண்டும் என்றேன்.

“அத மொதல்லயே சொல்லாண்டாமாட்டி” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாகூர் கனி அண்ணனின் பெல்ட் பட்டறையில் கூடினோம். (இந்தப் பாத்திரத்தை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். கதையில் அவருக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் வைஃபை அவருடையது. இருக்கட்டும்.) ஒவ்வொரு போனிலும் கணக்குத் திறந்துகொடுத்தேன். எல்லாரும் அமுக்கினார்கள். ஒருவரும் வாசிக்கவில்லை. இளசுகளுக்குத் தமிழ் வாயோடு சரி. பெரியவர்களுக்கு பைபிள் அச்சைவிடச் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது. எனக்கும் அதுதான் வசதி. உலகம் முழுக்க வாசிக்கட்டும், எங்கள் சந்து மட்டும் வாசிக்க வேண்டாம்.

கதை முதல் பக்கத்துக்கு ஏறியது. பட்டறையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள். டீ வருவதற்குள் இறங்கிவிட்டது. ஒரே வைஃபையிலிருந்து வந்த அத்தனை ஓட்டும் ஒரே ஆள் போட்ட கள்ள ஓட்டு என்று தளம் அழித்துவிட்டது. அலுவலகத்தில் முதல் நாள் சொல்லித்தருவதே இதைத்தான். பிழைப்புக்காகச் செய்யும்போது மறக்காதது, ஆசைக்காகச் செய்யும்போது மறந்துவிடுகிறது.

5

பெரியப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மாவும் இருந்தாள்.

“ஓட்டுப் போனாப் போவுது. ஏலம் எடுத்தவன் பொருள வீட்டுக்குக் கொண்டு போவணுமில்லா? பொருளு எங்கட்டி?”

ஞாயிற்றுக்கிழமை அசனம். சபை முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். சாப்பாடு முடிந்ததும் நான் கதையை மைக்கில் வாசிக்க வேண்டும் என்று அவரே முடிவுசெய்துவிட்டார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டுவதற்குள் அம்மா சொன்னாள்:

“வாசிப்பா. எம்மவ வாசிக்காம?”

ஸ்தோத்திரம் வாசித்த அன்று அவள் முகம் எப்படி இருந்ததோ, அப்படி இருந்தது. அதே சபை. அதே மைக். அவள் சொன்னது பொய் என்று அவள் மகளே அதில் வாசிக்கப்போகிறாள்.

(இந்த இடத்தில் என் கோபம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன். கிடைத்தால் சொல்கிறேன்.)

6

சனிக்கிழமை மத்தியானம் அம்மா அசனத்துக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து முதலிலிருந்து வாசித்தேன். ஆனியும் ரெனால்டும் வந்தபோது சிரித்தாள். பேசாமல் ரெண்டு பேருக்கும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்துவிடலாமே என்றாள். மூன்றாம் பகுதியில் பூண்டு நின்றது.

“கதன்னுதான சொன்ன?”

“கததான்.”

“கதையில பொய் சொல்லலாமில்ல?”

“சொல்லலாம்.”

“அப்பம் அதுல ஒன்ன இஞ்சினியராக்குனா என்ன கொறஞ்சு போவும்? சொல்லக் கூடாத எடத்துல நான் சொல்லிட்டேன். சொல்லலாங்கிற எடத்துல நீ சொல்ல மாட்டேங்க.”

என் பட்டம் இந்த இடத்தில் எதற்கும் உதவவில்லை. சரி, நீ ஏன் சொன்னாய் என்று திருப்பிக் கேட்டேன்.

“பி.காம்னு எழுதிருந்தா வாசிச்சிட்டு அடுத்த கவரை எடுத்திருப்பாரு. இஞ்சினியருன்னதும் மொத பெஞ்சே திரும்பிப் பாத்துச்சு. நீதான் குனிஞ்சுக்கிட்ட.”

வேங்கடசுப்ரமணியன் எங்களுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்வது இதைத்தான். உள்ளே என்ன இருந்தாலும் விளக்கம் வாசித்ததும் தலை திரும்ப வேண்டும். என் வீட்டிலேயே ஒருத்தி என்னைப் புக்மார்க் செய்திருக்கிறாள். விளக்கம் எழுத அவளுக்குக் கிடைத்தது ஒரு காணிக்கை உறையின் முதுகு மட்டும்.

உரித்த பூண்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள்.

7

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்று, ஞாயிறு அன்று என்னை இஞ்சினியர் என்றே வாசிக்கிறேன். கைதட்டல். இன்னொரு மிக்ஸி வருகிறது.

இன்னொன்று, உள்ளதை உள்ளபடி வாசிக்கிறேன். பாதியிலேயே அம்மா எழுந்து அண்டா கழுவப் போகிறாள். சபை அவளைப் பார்க்கிறது, நான் பேப்பரைப் பார்க்கிறேன்.

கரண்ட் போகிறது, மைக் சாகிறது, மழை— (கோழை முடிவு. அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.)

இன்னும் சனிக்கிழமைதான். ஜன்னல் வழியே ஆட்டுக்கறி வாசனை வருகிறது. சும்மா அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். ஓட்டெல்லாம் அழிந்துபோன இந்தக் கதைக்குக் கீழே ஒரு ஓட்டு இருக்கிறது. புதிது. பட்டறை வைஃபையில் போட்டதல்ல. பழக்கதோஷத்தில் அம்மா போனிலும் ஒரு கணக்குத் திறந்துவைத்திருந்தேன்; ஓட்டுக் கேட்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. ஏஞ்சலம்மாள், தாராவி. கதையைக் கேட்டுவிட்டுப் போனபிறகு, வழியில் எங்கேயோ நின்று அமுக்கியிருக்கிறாள். அவளுடைய பூசணிக்காய்.

மூன்றாம் பகுதியைத் திறந்து, ‘நான் இஞ்சினியர்’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் நடுவில் கர்சரை வைத்திருக்கிறேன். ‘இல்லை’யை அழிக்க ஒரு விரல் போதும். விரல் அங்கேயேதான் இருக்கிறது.

உங்கள் விரலும் சும்மாதானே இருக்கிறது. கதைக்குக் கீழே பொத்தான் தெரிகிறதா? ஏற்றிவிட்டால் முதல் பக்கம். நாளைக்கு மைக் தேவைப்படாது, விக்ரோலிவரைக்கும் வாசித்துவிடுவார்கள். ஏற்றாமல் விட்டால் எங்கள் பொருளை நாங்களே சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறோம், எங்களுக்குப் பழக்கம்தான். ஒன்று மட்டும்: ஏலம் எடுத்தவர்கள் பொருளைக் கொண்டுபோக வேண்டும்.

வேதமுத்துப் பெரியப்பா குரலில் வாசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தரம்.

ரெண்டு தரம்.