மூன்றாவது கிட்டார்

செல்போன் அடித்தபோது ஜெபசுதா வலக்கை நகங்களை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கிட்டார் கம்பியை நகத்தால் மீட்டுகிறவர்களுக்கு அது தினமும் பல் துலக்குவது போல. திரையில் ரெனிஷின் பெயரைப் பார்த்ததும் அரம் நழுவிக் கீழே விழுந்தது. பதினெட்டு வருடம் சென்னையில் ஒன்றாக வாசித்த நால்வர் கிட்டார் குழுவின் முதல் கிட்டார் அவர். ஐந்து வருடத்துக்கு முன் அவர் வேலை கிடைத்துக் கனடா போக, குழு கலைந்தது. ஜெபசுதா அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தூத்துக்குடிக்கு வந்தாள். போன வருடம் அம்மா இறந்துபோனார். அதற்குப் பிறகு இந்த மாடி வீட்டில் அவளும் கிட்டாரும் மட்டும்தான்.

“சுதா, டிசம்பர்ல சென்னையில ஒரு கச்சேரி. பழைய நாலு பேரும் சேர்ந்து. ஒத்திகைக்கு மூணு வாரம் அங்க வந்து இருக்கணும். உன்னால முடியுமா?”

எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. வாயில் வந்ததோ வேறு.

“எதுக்கு உங்களுக்குச் சிரமம்? எனக்கும் இங்க கிளாஸ் இருக்கு. அங்கேயே யாராவது கெடைச்சா பாத்துக்கிடுங்களேன்.”

“ஓ… சரி சுதா. பாக்கறேன்.”

தூத்துக்குடி பக்கம் நாசரேத்தில் வளர்ந்த பிள்ளைக்கு வேறெப்படிப் பேச வரும்? போன வீட்டில் காப்பி வேண்டுமா என்று கேட்டால், “இருக்கட்டும், இப்பதான் குடிச்சோம்” என்று சொல்ல வேண்டும். முதல் தடவையிலேயே தலையாட்டினால், “என்னளா இப்படி அலையுத” என்று அம்மா தொடையில் கிள்ளிவிடுவார். இரண்டாம் தடவை, “சும்மா குடிங்க” என்று அதட்டுவார்கள். அப்போது வாங்கிக்கொள்ளலாம். பெங்களூரில் வளர்ந்த ரெனிஷுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. பதினெட்டு வருடமும் அவர் இவளுடைய விரல்களைத்தான் கவனித்தார், பேச்சை அல்ல. இவள் என்னவோ அன்று சாயங்காலமே பரண்மேலிருந்து சூட்கேஸை இறக்கித் தூசி தட்டி வைத்தாள்.

தனியாக வாசிக்கத் தெரியாதவள் இல்லை. ஆனால் அவள் மனதோடு சேர்ந்துபோனதெல்லாம் குழுவில் அவள் வாசித்த மூன்றாவது கிட்டாரின் பகுதிகள். மெட்டு முதல் கிட்டாருக்குப் போய்விடும், அடித்தளம் நான்காவதற்கு. மூன்றாவது நடுவில் இருந்து இரண்டையும் தாங்கிக்கொள்ளும். கேட்கிறவர்களுக்கு அது தெரியாது, நின்றுபோனால்தான் தெரியும். ஒரு கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்கள் வற்புறுத்தியபோது ஆசையாக அதில் ஒன்றை வாசித்தாள். ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்ட ஜெயபாய் அத்தை, “நல்லாருக்குளா. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?” என்றார். எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். சென்னைக்கு அடுத்த ரயிலைப் பிடிக்கலாமா என்றிருந்தது. ஆனால் குழு கலைந்த பிறகு அங்கேயும் சேர்ந்து வாசிக்க யாரும் இல்லை.

எட்டு நாள் போன் வரவில்லை. குளிக்கப் போகும்போதும் செல்போனை ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் வந்தது.

“நீ வர முடியாதுன்னு சொன்னதால உன் இடத்துக்கு சென்னையில கிட்டார் வாசிக்கிற சரண்யாதேவியக் கேட்டோம். சரின்னுட்டாங்க” என்றார் ரெனிஷ். “ஒரு உதவி பண்ணேன். உன்னோட நோட்டு ஷீட்டெல்லாம் போட்டோ எடுத்து அனுப்புவியா? எந்த விரல் எங்கன்னு நீ குறிச்சு வச்சது அவங்களுக்கு ரொம்ப உதவும்.”

நான் வாரேன். இரண்டே வார்த்தை, தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இன்னொரு தடவை கேட்கமாட்டாரா என்று நின்றாள்.

“அதுக்கென்ன, அனுப்பிடுதேன்” என்றாள்.

பதினோரு பக்கம். நிழல் விழாமல் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் படமெடுத்து அனுப்பினாள். சரண்யாதேவி மேல் கோபம் வந்தால்கூடத் தேவலை, அதுவும் வரவில்லை. தன் மேல்தான் ஆத்திரமாக வந்தது.

கடைசிப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் செல்வதுரை படியேறி வந்துவிட்டார். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஓய்வு பெறுவதற்குள் ஒரு பாட்டாவது வாசித்துவிட வேண்டும் என்று ஆறு மாதமாக அவளிடம் கிளாஸுக்கு வருகிறார். நால்வர் வாசித்த ஒரு பாட்டின் மெட்டை அவருடைய தடித்த விரல்களுக்கு ஏற்றபடி எளிதாக்கி எழுதிக் கொடுத்திருந்தாள்.

“டீச்சர், வீட்டுல நல்லா வாசிச்சுப் பாத்துட்டேன். கேளுங்க.”

தட்டுத்தடுமாறினாலும் மெட்டு மெட்டாகத்தான் இருந்தது. ஜெபசுதா தன்னையறியாமல் கிட்டாரை மடியில் எடுத்து, கீழே தன் பகுதியைச் சேர்த்தாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு அது தனக்கான இடத்தில் போய் உட்கார்ந்தது. கண் கலங்கிவிட்டது.

செல்வதுரை நிறுத்திவிட்டார்.

“கோவிச்சுக்கிடாதீங்க டீச்சர். நீங்க கூட வாசிச்சா எம் பாட்டு எங்கன போவுதுன்னே தெரியமாட்டேங்கு. நான் மட்டும் வாசிக்கட்டா?”

“வாசிங்க அண்ணாச்சி.”

முதலிலிருந்து ஆரம்பித்தார். அவள் வலது கையைக் கம்பிகள் மேல் படுக்கவைத்துக்கொண்டாள். இடது கை மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. கம்பிகளை அழுத்துவதும் விடுவதுமாக அது தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. பாட்டின் நடுவில் மெட்டு நின்று, எட்டு எண்ணும்வரை மூன்றாவது கிட்டார் மட்டும் கேட்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே நிறுத்தி எண்ண வேண்டும் என்று அவருடைய தாளிலும் குறித்துக் கொடுத்திருந்தாள். செல்வதுரை கையை எடுத்துவிட்டு, கண்ணை மூடி, உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தார்.

ஒண்ணு. ரெண்டு. மூணு.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் விரல்கள் சத்தமில்லாமல் அந்த எட்டையும் வாசித்தன.