இருக்கட்டுங்க

மரியசெல்வத்தின் வாயில் சனியன் பிடித்த வார்த்தை ஒன்று குடியிருந்தது. இருக்கட்டுங்க. அடுத்த வீட்டில் எதை நீட்டினாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும், மூன்றாம் தடவை வற்புறுத்தினால்தான் கை நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் காணாததைக் கண்டவன் என்று பேசுவார்கள். அவனுடைய ஆத்தா அடித்துச் சொல்லிக்கொடுத்த மரியாதை இது. புதுக்கோட்டைச் சீமையில் எல்லோருக்கும் தெரிந்த மரியாதைதான். ஆத்மநாதம் பிள்ளை ஒருவருக்குத்தான் தெரியாது.

பிள்ளை தாசில் ஆபீஸில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மனுவில் எழுதியிருப்பதற்கு மேல் ஓர் எழுத்தும் படிக்கமாட்டார். வாய்ப்பேச்சையும் அப்படியேதான் எடுத்துக்கொள்வார். மரியசெல்வம் அவர் வீட்டுக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, "காப்பி சாப்பிடுறியாப்பா?" என்று கேட்டார். "இருக்கட்டுங்க" என்றான். "சரி" என்றார். அதோடு போயிற்று. ஐந்து வருஷம் அந்த வீட்டில் அவனுக்குக் காப்பி என்ற பேச்சே எழவில்லை. அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

பிள்ளைக்குப் பழைய கித்தார் என்றால் கிறுக்கு. வாசிக்கத் தெரியாது, சுருதி கூட்டவும் தெரியாது. பொன்மலை ரயில்வே காலனியில் ஏதாவது ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரக் குடும்பம் வீட்டைக் காலி செய்து சாமான்களை ஏலம் போடுகிறது என்று கேள்விப்பட்டால் போதும், முதல் பஸ்ஸில் போய் நிற்பார். வந்தவர்கள் கட்டிலையும் கண்ணாடி பீரோவையும் சுற்றிவர, இவர் மூலையில் தூசி மண்டிக் கிடக்கும் கித்தாரைத் தூக்கி, அதன் வயிற்றுத் துளைக்குள் மூக்கை விட்டு மோந்து பார்ப்பார். "புதுசுல வார்னிஷ்தான் மணக்கும். பழசுலதான்டா மரம் மணக்கும்" என்பார். அவர் பெண்டாட்டி சொர்ணவல்லி தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்படி ஏழு சேர்ந்தன. யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயரே கித்தாருக்கும் பெயர். டிக்கெட் கலெக்டர், பாதிரியார், நர்ஸம்மா என்று கண்ணாடி பீரோவில் வரிசையாக நிற்கும். கடைசியாக வந்தது டிரைவரம்மா. ரயில் டிரைவர் ஒருவரின் விதவை கண்ணைத் துடைத்துக்கொண்டே கொடுத்தது. அவள் புருஷனின் பாட்டி காலத்துச் சாமான். சின்ன உடம்பு, ஒடுங்கிய இடுப்பு, துளையைச் சுற்றிச் சிப்பி பதித்த வளையம், முதுகில் மயிரிழை போல ஒரு விரிசல். இரும்புக் கம்பி கட்டினால் தாங்காது என்று ஆட்டு நரம்புதான் கட்டியிருந்தது.

ஞாயிறுதோறும் மாதா கோயில் பூசை முடிந்ததும் கீரனூரிலிருந்து கரி வாயுவில் ஓடும் பஸ் பிடித்து வந்து, ஏழையும் துடைத்துச் சுருதி கூட்டி ஆளுக்கொரு பாட்டு வாசித்துவிட்டுப் போவது மரியசெல்வம்தான். கொழும்பில் ஓட்டலில் தட்டுக் கழுவியபோது அங்கிருந்த பாண்டுக்காரனிடம் கற்றுக்கொண்ட வித்தை. நாற்பத்திரண்டில் அங்கே ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும், தன் கித்தாரைச் சுவரில் மாட்டியது மாட்டியபடி விட்டுவிட்டுக் கப்பலேறியவன். இப்போது ரைஸ்மில்லில் தவிடு அள்ளுகிறான். சொந்தமாக ஒரு கித்தார் இல்லை. ஏழில் அவன் மனசு கிடந்தது டிரைவரம்மா மேல்தான். அதை மடியில் வைத்த நேரம் மட்டும்தான் தான் மனுஷனாக இருப்பதாக அவனுக்குத் தோன்றும். ஆனால் வாய் திறந்து கேட்பானா? செத்தாலும் மாட்டான்.

நாற்பத்தேழு ஐப்பசியில் பிள்ளை கால் வீங்கி, பிறகு வயிறும் வீங்கிப் படுக்கையில் விழுந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே மழை விடாமல் பெய்தது.

"டிரைவரம்மாவ எடுப்பா" என்றார்.

அவன் வாசித்தான். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "எப்படிப் பேசுது பாத்தியா? நூறு வருசத்துக் கட்டை. ஈரமெல்லாம் வத்திப் போயிருச்சு. அதான் பாடுது" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இத நீயே கொண்டு போயிரு. எம் மகன் வித்துப்புட்டு ரேடியோ வாங்குவான்" என்றார்.

ஐந்து வருஷமாக மரியசெல்வம் மாதாவிடம் கேட்டது இதோ மடியிலேயே இருக்கிறது. தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே, பாவி?

"இருக்கட்டுங்கய்யா" என்றான்.

இன்னும் இரண்டு தடவை சொல்லட்டும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தான். பிள்ளை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. அப்ப எம்பக்கத்துல வச்சிட்டுப் போ."

அவனே கட்டிலில் அவர் கைக்கு எட்டுகிற மாதிரி அதைப் படுக்க வைத்தான், சாரல் படாமல் போர்வையை இழுத்துவிட்டான். அடுத்த ஞாயிறு மறுபடி சொல்வார் என்று பஸ்ஸில் வழி முழுக்க நினைத்துக்கொண்டே போனான்.

புதன்கிழமை பஸ் கண்டக்டர் மில்லுக்கு வந்து, பிள்ளை தவறிவிட்டார் என்று சொன்னான். மரியசெல்வம் வந்து சேர்ந்தபோது எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீடு கழுவிவிட்டிருந்தது. கட்டில் வெறுமையாகக் கிடந்தது. பீரோவில் ஆறுதான் நின்றன.

"அம்மா, டிரைவரம்மா..."

"பாயோட சுத்தி அனுப்பியாச்சுப்பா" என்றாள் சொர்ணவல்லி. "சாவுப் படுக்கையில கெடந்தத வீட்டுல வைக்கலாமா? கடைசிவரைக்கும் கைய அதுமேலதான் வச்சிருந்தாக."

அவன் சேற்றில் விழுந்து எழுந்து சுடுகாட்டுக்கு ஓடினான். வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். சிதை நின்று எரிந்துகொண்டிருந்தது. சுடுகாட்டைப் பார்த்துக்கொள்ளும் முனியசாமி மட்டும் கோலை ஊன்றி உட்கார்ந்திருந்தான்.

"பாயோட ஒரு பாட்டுப்பெட்டி வந்துச்சாண்ணே?"

"வந்துச்சே. மழையில நனைஞ்ச வெறகு, பத்தவே மாட்டேனுருச்சு. மகன் கொள்ளி வச்சிட்டுப் போயிட்டாரு, ஒரே பொகை. அதைத்தான் ஒடைச்சு உள்ள செருகுனேன். ஒடைக்கயில ஒரு சத்தம் குடுத்துச்சுங்க, அம்புட்டு இனிமை. அப்புறம் பாருங்க, குப்புனு பிடிச்சிக்கிருச்சு. ஈரமே இல்லாத கட்டை. இப்படி ஒரு கட்டைய நான் பாத்ததில்ல."

அவன் புகழ்ந்துதான் சொன்னான். அவன்மேல் எப்படிக் கோபப்படுவது? மரியசெல்வம் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். எசமான் மேல் எவ்வளவு விசுவாசம் என்று முனியசாமி நினைத்துக்கொண்டான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மரியசெல்வம் போனான். கூட்டம் கலைந்த பிறகு சொர்ணவல்லி அவனைக் கூப்பிட்டாள்.

"அவுக ஒனக்குக் குடுத்தப்ப வேண்டான்னுட்டியாமே. மூணு நாளும் அதையேதான் சொல்லிக்கிட்டு கெடந்தாக. 'ஆசையாக் குடுத்தேன், அவனுக்கு வேணாமாம்டி, நோயாளி வீட்டுச் சாமான்னு நெனச்சிட்டான் போல'ன்னு. ஏம்ப்பா, வாங்கிக்கிட்டா என்ன?"

நோயாளி வீட்டுச் சாமானாம். அந்த நினைப்போடா போனார் மனுஷன்? அவனுக்கு நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது.

சொர்ணவல்லி இடுப்பிலிருந்த சாவியை எடுத்து பீரோவைத் திறந்தாள். ஆறும் நின்றன. "நாளைக்கு மகன் இதெல்லாத்தையும் மெட்ராசுக்குக் கொண்டு போறான். அதுக்கு முன்னால நீ ஒண்ணு எடுத்துக்க. இந்த நர்ஸம்மாவக் கொண்டு போ. அவுக ஆத்மா குளுந்து போகும்."

வேண்டும் என்று மரியசெல்வத்தின் உடம்பு முழுக்கக் கத்தியது. கைகூடக் கொஞ்சம் முன்னால் வந்தது.

"இருக்கட்டுங்கம்மா" என்றது வாய்.

முப்பத்தைந்து வருஷம் பிள்ளையோடு குடித்தனம் நடத்தியவள் அவள். "சரிப்பா" என்று பீரோவைப் பூட்டினாள்.