புது வண்டிக்கு உப்புத்தாள்

மோகன்குமார் என்ற பெயரை இன்றைக்குக் கேட்டாலும் எனக்குக் காறித் துப்பத்தான் தோன்றுகிறது.

தொண்ணூற்று நாலில் உக்கடத்தில் இருந்த என் பெயிண்ட் பட்டறைக்கு வந்தான். பெண் வீட்டார் கல்யாணத்துக்கு முன்னாலேயே சீராகக் கொடுத்த புது மோட்டார் சைக்கிள். சிவப்பு டேங்கில் முகம் பார்க்கலாம். "குத்தூஸ் பாய், டேங்க் மேல நெருப்பு எரியறாப்பல படம் போட்டுக் குடுங்க" என்றான்.

பளபளப்பின் மேல் புதுப் பெயிண்ட் பிடிக்காது, உரிந்து வந்துவிடும். அதனால் டேங்கைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, நனைத்த உப்புத்தாளால் பளபளப்பு சாகும்வரை தேய்த்தேன். புது வண்டியைத் தேய்க்க மனசு வரவில்லைதான். மேலே படம் வந்தால் சரியாகிவிடும் என்று தேற்றிக்கொண்டேன். டேங்க் வெளிறி, சோகை பிடித்த மாதிரி ஆனது.

சாயங்காலம் வந்தவன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"போதுமுங்க பாய். படமெல்லாம் வேண்டாம். இப்படியே மாட்டிக் குடுங்க."

"இப்படியேவா? பழைய வண்டியாட்டம் இருக்குதே!"

"அதுதானுங்க வேணும். படம் போடக் குடுத்த எடத்துல தேச்சுப் பாத்துட்டு, இது பெயிண்ட் அடிச்ச பழைய வண்டின்னு பாய் சொன்னாருன்னு மாமனார்கிட்டக் கேக்கப்போறேன். மானத்துக்குப் பயந்து கார் எடுத்துக் குடுத்துருவாரு. யாராச்சும் விசாரிச்சா, நீங்களும் ஆமான்னு சொல்லிப்போடுங்க."

என் சட்டைப்பையில் நோட்டைச் செருக வந்தான். த்தூ! கையைத் தட்டிவிட்டேன். இந்த ஊர் மரியாதையே மரியாதை. கழுத்தை அறுக்கும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

"வெளிய போடா!" என்று கத்தினேன். டேங்கைத் தானே மாட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பிப் போனான்.

மறுநாள் காலை சென்னிமலை என்பவர் பட்டறைக்கு வந்தார், பெண்ணின் அப்பா. சத்தியமங்கலம் பக்கம் மஞ்சள் போடுகிற விவசாயி. அவர் வாயைத் திறக்குமுன் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். அரிவாளைத் தூக்குவார் என்று நினைத்தேன். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியுமுங்க. கடையில நானே நின்னு எடுத்த வண்டி. நேத்து ராத்திரி மாப்பிள்ளை வந்து கேட்டதுமே காருக்குச் சொல்லிப்போட்டேனுங்க. பத்திரிகை வெச்சாச்சு, இனிக் கல்யாணம் நிக்கப்படாது. நேர்ல விசாரிப்பேன்னு எங்க அம்மணி கூடவே வந்திருச்சு, வெளிய நிக்குது. பழைய வண்டிதான்னு சொல்லிப்போடுங்க. நான் ஏமாத்துனேன்னு நெனச்சுக்கட்டும். மாப்பிள்ளையத் தப்பா நெனச்சுரப்படாது."

அவன் காசு கொடுத்துக் கேட்ட அதே பொய்யை இவர் கைகூப்பிக் கேட்கிறார்!

பெண் உள்ளே வந்தாள். நித்யஸ்ரீ என்று பெயர்.

"ஏனுங் பாய், எங்கப்பா குடுத்தது பழைய வண்டிங்களா?"

அவளுக்குப் பின்னால் சென்னிமலையின் கும்பிட்ட கை இறங்கவில்லை. போங்கய்யா, நீங்களும் உங்கள் மானமும்!

"புத்தம்புது வண்டி, அம்மணி. தேச்சது நானு. தேய்க்கச் சொன்னது உங்க மாப்பிள்ளை. கார் வாங்கறதுக்கு."

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இது தெரியுமாப்பா?"

"தெரியும் கண்ணு."

"தெரிஞ்சுமா என்னைய அங்க அனுப்பறீங்க?"