வியாழக்கிழமை இறந்தவர்

அப்பாவின் உதட்டை ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் மாரிட்டுக்குக் கேட்டது. நர்ஸ் வர இன்னும் நேரம் இருந்தது. பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். சர்ச் சமையலறையைப் பல வருஷமாக ஆட்டிவைக்கும் வெர்னா, கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, அலுமினியத் தாள் மூடிய பெரிய தட்டைக் கையில் ஏந்தியபடி நின்றிருந்தாள். கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன.

"என் கண்ணு," என்றாள் வெர்னா. "அப்பா கஷ்டப்படாமத்தானே போனாரு?"

"எங்க போனாரு?"

உள்ளறையிலிருந்து இருமல் சத்தம் வந்தது. அதன் பின்னாலேயே குரலும் வந்தது. "மாரிட், கதவைச் சாத்தும்மா. சூடெல்லாம் வெளிய போவுது பாரு."

வெர்னாவின் கையிலிருந்த தட்டு சரிந்தது. மாரிட் தட்டை அடியில் கைகொடுத்துப் பிடிக்காவிட்டால் வாசற்படியில்தான் கொட்டியிருக்கும். உருளைக்கிழங்கும் பன்றித் தொடைக்கறியும் பாலாடைக்கட்டியும் போட்டு வேகவைத்தது. சாவு வீட்டு உருளைக்கிழங்கு என்றுதான் அந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர். சாவு வீட்டுக்கல்லாமல் வேறு எதற்கும் வெர்னா அதைச் செய்ததில்லை.

"லைல் எழுதியிருந்தாரே," என்றாள் வெர்னா, ஏதோ மாரிட்தான் தப்பு செய்துவிட்டதுபோல. "காலையில அவரு கடிதம் வந்ததுல போட்டிருந்துதே."

லைல் ஹோவ்லண்ட் அந்தத் தொகுதியின் பேரவை உறுப்பினர். மாநிலத் தலைநகரான பிஸ்மார்க்கில் பேரவை கூடும் மாதங்களில் வெள்ளிக்கிழமைதோறும் எல்லார் ஃபோனுக்கும் அவருடைய கடிதம் வந்துவிடும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் அதையே போடுவார்கள். மேல்பாதியில் மசோதாக்கள், கீழ்ப்பாதியில் ஊர்ச் செய்திகள். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்தப் பள்ளி கூடைப்பந்தில் ஜெயித்தது, யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒன்றையும் விடமாட்டார். அவர் எழுதினால்தான் ஒருத்தன் செத்ததாகக் கணக்கு என்று கிண்டல் செய்வது ஆர்லன்தான். மாரிட்டின் அப்பா. லைலோடு ஒரே வகுப்பில் படித்தவர், லைல் முதல்முறை தேர்தலில் நின்றபோது தன் வேலி முழுக்க அவருடைய பலகையை அடித்துவைத்தவர். "சொந்த நிலம், சொந்த முடிவு" என்பதுதான் லைலின் பலகையில் இருந்த வாசகம்.

வெர்னாவை வழியனுப்பிவிட்டு மாரிட் அடுக்களையில் நின்றபடியே கடிதத்தைத் திறந்தாள். ஊர்ச் செய்தியில், தீயணைப்பு நிலையத்து மீன் விருந்துக்கும் ஒரு பொன்விழாத் தம்பதிக்கும் நடுவே அப்பா இருந்தார்.

"என் ஆருயிர் நண்பர் ஆர்லன் வியாழக்கிழமை காலை, தம் வீட்டிலேயே, மகள் அருகிருக்க, அமைதியாக ஆண்டவரிடம் சேர்ந்தார். சொன்ன சொல் தவறாதவர். அவரைப் போன்றவர்களால்தான் இந்த மண் நிற்கிறது."

எழுத்து என்னவோ நன்றாகத்தான் இருந்தது. அவள் மேலே தள்ளிப் படித்தாள். சொத்துவரி குறைகிறது. மான் வேட்டை உரிமத்தில் மாற்றம். பள்ளி நூலகங்களுக்குப் புது விதி. அதற்கும் கீழே, கண்ணில் படாத இடமாகப் பார்த்துச் செருகியதுபோல் சில வரிகள் இருந்தன. "குழாய் மசோதா ஒரே ஓட்டு வித்தியாசத்தில் வியாழன் மாலை நிறைவேறியது. நெடுநேரம் ஜெபித்த பிறகு, நம் தொகுதியின் நன்மை கருதி நானும் ஆதரித்து வாக்களித்தேன்."

மாரிட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.

சாராய ஆலைகள் கக்கும் கரியமில வாயுவை அடைத்துக்கொண்டுபோய் மேற்கே பூமிக்கடியில் புதைப்பதற்கான குழாய் அது. வீட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவில் போகும் என்று கம்பெனிக்காரன் வரைபடம் காட்டியபோதே ஆர்லன் முடியாது என்று சொல்லிவிட்டார். ஊர்த் தீயணைப்புப் படையில் அரை ஆயுளைக் கழித்தவர். அந்த வாயு கசிந்தால் மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, பள்ளத்தில் தேங்கித் தூங்குகிறவனைத் தூக்கத்திலேயே முடித்துவிடும் என்று அவருக்குத் தெரியும். இந்தச் சட்டப்படி இனி நிலத்துக்காரன் கையெழுத்தே தேவையில்லை. அதை எதிர்ப்பேன் என்று லைல் இதே அடுக்களையில் அப்பாவின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்திருந்தார். படுக்கையில் விழுந்த பிறகு அப்பா கேட்டதெல்லாம் இதைத்தான். கஞ்சி வேண்டுமா என்றால்கூட "ஓட்டு நடந்துச்சா?" என்பதுதான் பதில்.

புதன்கிழமை லைல் வந்திருந்தார். அப்பா கண் திறக்கவில்லை. போகும்போது லைல் நர்ஸைத் தனியாக நிறுத்தி எதையோ கேட்டதும், "விடியறவரைக்கும் தாங்கறது கஷ்டம்" என்று அவள் சொன்னதும் மாரிட்டின் காதில் விழுந்தது. துக்கத்தில் கேட்கிறார் என்றுதான் அப்போது நினைத்தாள்.

"மாரிட்," என்று அப்பா கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமைதானே? லைல் கடிதம் வந்துச்சா?"

விடிந்ததிலிருந்து அவருக்குத் தெளிவு வந்திருந்தது. அந்தத் தெளிவு நல்லதுக்கல்ல என்று நர்ஸ் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்.

"வந்துச்சுப்பா."

"படி."

படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து படித்தாள். சொத்துவரி, மான், கூடைப்பந்து. மீன் விருந்தோடு நிறுத்திக்கொண்டாள்.

"குழாய்?"

மாரிட் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "தோத்துப்போச்சுப்பா. லைல் மாமா எதிர்த்துத்தான் போட்டிருக்காரு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மார்பு ஏறி இறங்கியது. நிம்மதியாகத் தூங்கிவிட்டார் என்று அவள் எழுந்திருக்கப் போனபோது மூக்கை உறிஞ்சினார்.

"யாரு செத்தது?"

"யாரும் இல்லப்பா."

"உருளைக்கிழங்கு வாசனை வருதே."

"வெர்னா சும்மா செஞ்சு கொண்டாந்தா."

"வெர்னா சும்மா செய்ய மாட்டா," என்றார் அப்பா.

அதற்குப் பிறகு வாசல்மணி ஓயவில்லை. ஒருத்தர் தட்டோடு வந்தார், இன்னொருத்தர் ரொட்டியோடு வந்தார். எல்லாரிடமும் மாரிட் கதவிடுக்கிலேயே நின்று, அப்பா இருக்கிறார் என்று தணிந்த குரலில் சொல்ல வேண்டியிருந்தது. ஆள் உயிரோடிருப்பதற்கு வருத்தம் தெரிவிப்பதுபோல இருந்தது அது. சிலர் தட்டைத் திருப்பிக் கொண்டுபோவதா, வைத்துவிட்டுப் போவதா என்று தெரியாமல் விழித்தார்கள். வைத்துவிட்டே போனார்கள்.

நாலாவதாக வந்தவனின் கையில் தட்டு இல்லை. பாதை முனையில் ஒரு வெள்ளைப் பிக்கப் வண்டி வெகுநேரமாக எஞ்சினை அணைக்காமல் நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிப் பனியில் நிதானமாக நடந்து வந்தான். வரைபடம் காட்டிய அதே குழாய்க் கம்பெனிக்காரன். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான்.

"அப்பா விஷயம் கேள்விப்பட்டோம்மா. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ரொம்ப வருத்தம்."

"அப்பா தூங்கறாரு."

அவன் அதை எப்படி எடுத்துக்கொண்டானோ, தலையைக் குனிந்தான். "ஆமாம்மா. இனிமே அவருக்கு ஓய்வுதான். அவசரமே இல்ல. பனி உருகட்டும், வந்து அளந்துக்கறோம். கையெழுத்துத் தொந்தரவுகூட உங்களுக்கு இல்ல இப்ப." முகத்தில் நிஜமாகவே பரிவு இருந்தது. தன் முகவரிச் சீட்டை வாசல் மேசையிலிருந்த தட்டின்மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். வண்டி பழைய இடத்திலேயே நின்றது, கிளம்பவில்லை.

மதியத்துக்குச் சற்று முன்னால் லைல் வந்தார். வெர்னா ஃபோனில் சொல்லியிருக்க வேண்டும். பிஸ்மார்க்கிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த வேகத்தில் கழுத்துப்பட்டை கோணிக்கொண்டிருந்தது. அடுக்களையில் வரிசையாக இருந்த தட்டுகளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"மாரிட், தப்பு நடந்துபோச்சும்மா. எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னே தெரியல. நேத்து காலையில ரெண்டு தடவ உனக்கு அடிச்சேன். நீ எடுக்கல. எடுக்கலன்னதும், சரி, முடிஞ்சுபோச்சுன்னு..."

"அப்பா தூங்கறாருன்னு ஃபோன அமுக்கி வச்சிருந்தேன்."

"அதான். என் தப்புதான்."

"எடுத்திருந்தா?" என்றாள் மாரிட். "எடுத்து, அப்பா இன்னும் இருக்காருன்னு சொல்லியிருந்தா, சாயங்காலம் எந்த விளக்க அமுக்கியிருப்பீங்க மாமா?"

பேரவை ஓட்டுப் பலகையில் ஆதரவுக்குப் பச்சை விளக்கு, எதிர்ப்புக்குச் சிவப்பு. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும்போதெல்லாம் லைல் பெருமையாகக் காட்டுகிற பலகை அது. லைல் கையுறைகளைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உனக்குப் புரியாதும்மா. நம்ம ஊரு ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கற பணத்த நிறுத்திடுவேன்னு கட்சித் தலைவனே கழுத்துல கத்திய வச்சுட்டான். ஒரு ஓட்டு குறைஞ்சுது. நான் என்ன பண்றது? ஆர்லனா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பான்."

"அப்படின்னா உள்ள போய் அவர்கிட்டயே சொல்லுங்க. முழிச்சிட்டுத்தான் இருக்காரு. நீங்க சிவப்புப் போட்டீங்கன்னு நான் சொல்லி வச்சிருக்கேன். மாத்திச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

சொல்லக்கூடாது என்றுதான் அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். லைலை அந்த நிமிஷத்தில் அவள் வெறுத்தாள். ஆனாலும் அவர் உள்ளே போய் இன்னொரு பொய் சொன்னால் போதும், அப்பா நிம்மதியாகப் போவார் என்று அந்த மனுஷனையே நம்பி நிற்க வேண்டியிருந்தது.

லைல் கட்டிலருகே முட்டி போட்டு, அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"வந்துட்டியாடா," என்றார் அப்பா. "வீடு பூரா உருளைக்கிழங்கு. யாரோ செத்துட்டாங்க போல."

"ஆர்லன்..."

"மாரிட் சொன்னா, நீ சிவப்புப் போட்டேன்னு. அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே பொய் வராது. ஜன்னலப் பார்ப்பா." மூச்சு வாங்கிக்கொண்டு காத்திருந்தார். "நீ சொல்லு. எந்த விளக்கு?"

மாரிட் அறை வாசலிலேயே நின்றாள். லைலின் முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது.

"பச்சடா," என்றார் லைல். "நீ இல்லன்னு நினைச்சுட்டேன்டா."

"இருக்கேனே," என்றார் அப்பா.

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். தோள் அசைந்தது, மணிக்கட்டில் நரம்பு எழும்பியது, கை வரவில்லை. அதற்கான பலம் அவரிடம் இல்லை. லைலுக்கு அது தெரியவில்லை. ஆஸ்பத்திரி, தலைமை, ஒரு ஓட்டு என்று அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தவர், அந்த அசைவைத் தன்மேல் பட்ட இரக்கமாக எடுத்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தார். மாரிட் உள்ளே போனாள். லைலின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அப்பாவின் கையை வெளியே எடுத்து அவர் மார்பின்மேல் வைத்தாள். அப்பா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நர்ஸ் வந்து நாடி பார்த்தாள், மருந்து கொடுத்தாள். லைல் அடுக்களையில், தட்டுகளுக்கு நடுவில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை அவருக்கு. வெளிச்சம் மங்க ஆரம்பித்த நேரத்தில் அப்பாவின் மூச்சு ஒருமுறை நின்று, வந்து, மறுபடி நின்றது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.

லைல் அறை வாசலுக்கு வந்து நின்றார். "அடுத்த வாரம் திருத்தம் போட்டுடறேம்மா," என்றார். "கிழமைய மாத்தி."

"வேணாம்," என்றாள் மாரிட். "கிழமை மட்டும் மாறி என்ன ஆகப்போவுது?"

லைல் தலையாட்டினார். நர்ஸுக்கு நன்றி சொன்னார். முன்கதவு திறந்து சாத்தும் சத்தம் கேட்டது.

ஒருவர் உயிர் போனதும் அந்த அறையின் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைப்பது அவர்கள் வழக்கம். மாரிட் எழுந்துபோய்த் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது, கூடவே பேச்சுக்குரல்களும் வந்தன. சர்ச்சிலிருந்து வந்திருந்தார்கள். நாலைந்து கார்கள் லைலின் காரை மறித்துக்கொண்டு நின்றதில் அவர் நடுமுற்றத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"எவ்வளவு அழகா எழுதியிருந்தீங்க லைல். படிச்சிட்டு அழுதுட்டேன்."

"சொன்ன சொல் தவறாதவர்னு போட்டிருந்தீங்களே, அது ரொம்ப நிஜம்."

"உங்க மாதிரி ஒரு ஃப்ரெண்டு கிடைக்க ஆர்லன் கொடுத்து வச்சிருக்கணும்."

லைல் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். என்ன பதில் சொன்னார் என்பது காற்றில் கேட்கவில்லை. அடுத்து நீண்ட கையையும் பிடித்துக்கொண்டார்.

மாரிட் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மார்பின்மேல் இருந்த கை இன்னும் சில்லிடவில்லை. அதை எடுத்துப் போர்வைக்குள் வைத்து, ஓரத்தை நன்றாகச் செருகிவிட்டாள்.