சொட்டச் சொட்ட ஒரு பை

புதன்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குச் சங்கு ஊதியதும் எண்ணூர் இறால் கம்பெனியின் பின்வாசலில் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். வாட்ச்மேன் பக்தவச்சலம் ஒவ்வொருத்தியின் பையையும் வாங்கித் துழாவி, டிபன் டப்பாவைத் திறந்து, சேலைத் தலைப்பை உதறச் சொல்லி, ஒற்றை இறால்கூட வெளியே போய்விடாதபடி பார்த்துக்கொண்டிருந்தார். முன்வாசலில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. ஆபீஸ்காரர்கள் தோளில் எவ்வளவு பெரிய பை மாட்டிக்கொண்டு போனாலும் அதே மனுஷன் எழுந்து சலாம் போடுவார். திருட்டுப் புத்தி காண்டிராக்ட் ஆட்களுக்கு மட்டும்தான் வரும் என்று அந்தக் கம்பெனியில் யார் கண்டுபிடித்தார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

வரிசையைப் பார்த்தபடி நின்ற ஜெமிமாவின் கண் கெங்கம்மா மேலேயே இருந்தது. ஜெமிமா இறால் உரிக்கும் கூடத்துக்கு சூப்பர்வைசர். தூத்துக்குடியிலிருந்து வந்து ராயபுரத்தில் மொத்த மளிகைக் கடை போட்ட குடும்பம். 'வேலைக்காரங்க மேல எப்பவும் ஒரு கண்ணு இருக்கணும்' என்று சாப்பாட்டோடு சேர்த்து ஊட்டி வளர்த்திருந்தார்கள். கெங்கம்மா காத்திவாக்கத்துக்காரி. கடலில் முதுகு அடிபட்டுப் படுத்துவிட்ட புருஷனுக்கும், படிக்கிற இரண்டு பிள்ளைகளுக்கும் அவள் உரிக்கிற இறால்தான் சோறு.

சந்தேகம் திங்கட்கிழமையே தொடங்கிவிட்டது. அன்றைக்குக் கெங்கம்மா வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"மேடம், மெசின் ரூம் செவுத்தாண்ட கண்ணு எரியுது. இன்னாமோ நெடி அடிக்குது. இன்னான்னு போய்ப் பாக்கச் சொல்லு."

'சொல்லு'வாம்! மரியாதை இல்லாத அந்தப் பேச்சே ஜெமிமாவுக்கு எரிச்சலைக் கிளப்பியது. காத்திவாக்கத்துப் பக்கம் பெற்ற தாயிடமும் இப்படித்தான் பேசுவார்கள் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

"டீ டைமுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு கெங்கம்மா. டிமிக்கி குடுக்க வேற காரணம் யோசிச்சுட்டு வா."

செவ்வாயும் வந்தாள். அதே நெடி, அதே பதில். ஜெமிமாவின் மேசை ஏசி போட்ட கண்ணாடி அறைக்குள் இருந்தது. அங்கே ரூம் ஸ்பிரே வாசனையைத் தவிர வேறு எதுவும் எட்டாது.

புதன்கிழமை மத்தியானம் கெங்கம்மா முன்வாசலில் பக்தவச்சலத்தோடு வாதாடிக்கொண்டிருந்ததை ஜெமிமா பார்த்தாள். பிறகு அவரைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"இன்ஜினீயர் சாரைப் பாக்கணுமாம் மேடம். லேபர்லாம் இந்தாண்ட வரக்கூடாதுன்னு தொரத்திட்டேன்" என்றார் அவர் பெருமையாக.

ஜெமிமா உடனே முடிவுகட்டினாள். என்னைப் பற்றிக் கோள் மூட்டத்தான் போயிருக்கிறாள்! வேறு எதற்கு? அன்று சாயங்காலமே காண்டிராக்டருக்குப் போன் போட்டு, "திங்கட்கிழமையிலிருந்து கெங்கம்மா வேணாம், வேற ஆள் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை. பதினோரு மணி வாக்கில் கூடத்தைச் சுற்றி வந்தபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஆணியில் ஒரு கட்டைப்பை தொங்கியது. பருத்து, கனத்து, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கெங்கம்மாவின் பைதான்.

இறால் கம்பெனியில் ஒரு பை சொட்டினால் உள்ளே என்ன இருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மதில் தாண்டி வெளியே வீசுவதற்குச் சேர்த்து வைத்திருக்கிறாள்! மூன்று நாளாகக் கண் எரிகிறது, நெடி அடிக்கிறது என்று வேலையைப் பாதியில் விட்டு எழுந்தது இதற்குத்தானா? ஜெமிமாவுக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பக்தவச்சலத்தை அழைத்து வந்து, நாற்பது பெண்களுக்கும் நடுவில் பையை வைக்கச் சொன்னாள்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க. கொட்டுங்க அண்ணே!"

அவர் தலைகீழாகக் கவிழ்த்தார். பொத்தென்று விழுந்தவை ஈரத் துணிகள். பழைய சேலையைக் கிழித்து, மடித்து, ஓரம் தைத்த துணிகள். ஒரு பொடி இறால்கூட இல்லை.

"என்ன இது?" ஜெமிமாவின் குரல் பாதியாக இறங்கிவிட்டது.

"மூக்குல கட்டிக்கிறதுக்கு" என்றாள் கெங்கம்மா. "ஆளுக்கு ஒண்ணு, மொத்தம் நாப்பது. அப்பால உனுக்கு ஒண்ணு. எங்க குப்பத்துல ஒரு தபா கேஸு அடிச்சப்போ ஈரத்துணிதான் புள்ளைங்கள காப்பாத்திச்சி. உன்கைல ரெண்டு வாட்டி சொன்னேன், நீ கேக்கல. இன்ஜினீயராண்ட போனேன், இந்த ஆளு வுடல. நான் இன்னா பண்ணட்டும்? என் வூட்டுத் துணியக் கிழிச்சேன்."

பக்தவச்சலம் குனிந்து துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

ஜெமிமா மெசின் அறைச் சுவரை நோக்கி நடந்தாள். பத்தடிகூடப் போயிருக்க மாட்டாள், கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியது போல எரிந்தது. தொண்டையை யாரோ பிடித்து நெரித்தார்கள். அமோனியா! இறாலை உறைய வைக்கிற குழாயில் ஓடுகிற விஷ வாயு. இருமிக்கொண்டே இன்ஜினீயர் செங்குட்டுவனின் அறைக்கு ஓடினாள்.

"சார், அமோனியா கசியுது. கெங்கம்மா மூணு நாளா..."

"எந்த கெங்கம்மா? உரிக்கிற பொம்பளையா?" அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவங்களுக்கு டிமிக்கி குடுக்க ஒரு காரணம் வேணும் மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

தான் சொன்ன அதே வார்த்தை! அது அடுத்தவர் வாயிலிருந்து வந்தபோது ஜெமிமாவுக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போல இருந்தது.

"நானே மோந்து பாத்தேன் சார்!" என்று கத்தினாள்.

அவ்வளவுதான். மனிதர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஐந்தே நிமிஷத்தில் மெசின் நின்றது. அபாய மணி அலறியது. பெண்கள் ஈரத்துணியை மூக்கில் அழுத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். ஒருத்திக்கும் ஆபத்தில்லை. முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போய் வந்த செங்குட்டுவன் வெளிறிப்போயிருந்தார். ஒரு வால்வு கடைசிப் பிடியில் நின்றிருந்ததாம். சாயங்காலம் வரைகூடத் தாங்கியிருக்காதாம்.

சேதி கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். "சபாஷ் ஜெமிமா! நல்லவேளை, உங்க கண்ணுல பட்டுது. ஹெட் ஆபீசுக்கு உங்க பேரை எழுதறேன்."

ஜெமிமா பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எதிரே நாற்பது பெண்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் எதையும் எதிர்பார்க்கிற மாதிரி தெரியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"என் பேரை எழுதாதீங்க சார்" என்றாள். "கண்டுபிடிச்சது கெங்கம்மா. மூணு நாளா வாசல் வாசலா வந்து சொன்னாங்க. நான் நம்பல. இவங்களைத் திருடின்னு நெனச்சு, எல்லார் முன்னாடியும் பையைக் கொட்ட வச்சேன். இன்னைக்கு நாப்பது உயிர் போயிருந்தா அதுக்கு நான்தான் காரணம்."

மேனேஜர் செங்குட்டுவனைப் பார்த்தார். செங்குட்டுவன் தரையைப் பார்த்தார்.

ஜெமிமா கெங்கம்மாவிடம் போய் நின்றாள். "அக்கா, உங்களை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லிட்டேன். இப்பவே போன் பண்ணி அதை மாத்திடறேன். என்னை மன்னிச்சிடுங்க."

வேலை போக இருந்தது கெங்கம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கண் கலங்கியது. ஆனாலும் குரல் உடையவில்லை.

"எம்பைய சந்தேகப்பட்டதக்கூட வுட்டுட்றேன் மேடம், அது எங்களுக்குத் தெனமும் நடக்குறதுதான். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. மூச்சு முட்டுதுன்னு ஒருத்தி வந்து நின்னா, மூச்சு முட்டுதான்னுதான் மொதல்ல பாக்கணும். சொன்னவ இன்னா வேல செய்யுறா, எந்த வாசல்ல வர்றா, அதெல்லாம் உசுரோட இருந்தா அப்பால பாத்துக்கலாம்."