ஜெசிந்தாவின் புருஷனைக் காணவில்லை

மாமல்லபுரம் கடற்கரை ஹோட்டல். 2006. காப்பிரைட் கருத்தரங்கு. ஏ.சி. அரங்கின் மேடையில் பதிப்பாளர் ஹரிகிருஷ்ணன் மேஜையைக் குத்தினார்.

"எழுதினவர் எங்கேன்னு தெரியல. அனுமதி கேட்க ஆளில்லை. அதுக்காக ஒரு நல்ல நாவல் மக்கிப் போகணுமா? தேடியும் அகப்படலேன்னா அரசாங்கமே உரிமம் கொடுத்து அச்சுப்போட விடணும். காப்பிரைட் சட்டத்தைத் திருத்தணும்!"

கைதட்டல். டெல்லியிலிருந்து வந்த சட்ட அதிகாரி குறிப்பெடுத்துக்கொண்டார்.

ஹரிகிருஷ்ணனின் துருப்புச்சீட்டு 'ஆலம்பரை ரத்தம்'. ஆலம்பரைக் கோட்டையில் நடக்கும் கொலைக் கதை; தொண்ணூறுகளில் வாரப் பத்திரிகை ஒன்றில் வந்த தொடர். எழுதியது ஜெசிந்தா. பெண் பெயரில் கொலைக் கதையா? ஹரிகிருஷ்ணன் ஏமாறுவாரா! ஆபீஸுக்குப் பயந்து மனைவி பெயரில் எழுதிய எத்தனை ஆண்களைப் பார்த்தவர் அவர். ஆகவே ஜெசிந்தாவின் புருஷனைத் தேடினார். விளம்பரமும் கொடுத்தார்: 'ஜெசிந்தா என்ற புனைபெயரில் எழுதிய அன்பர் தொடர்புகொள்ளவும்.'

எந்த அன்பரும் வரவில்லை.

டீ இடைவேளையில் ஒரு பெண் எதிரே வந்து நின்றாள்.

"சார், நான் ஜெசிந்தா. கடப்பாக்கத்துல ஜெராக்ஸ் கட வெச்சிகினு கீறேன்."

"வீட்டுக்காரர் வரலையா?"

"எந்த வூட்டுக்காரரு? எனக்குக் கல்யாணமே ஆவல."

பாதி சமோசா ஹரிகிருஷ்ணனின் வாயிலேயே நின்றது. "அப்ப கதை எழுதினது?"

"நான்தான். எம்பேரு போட்டுத்தான எழுதுனேன்? அப்பால இன்னாத்துக்கு அன்பரத் தேடுறீங்க?"

அவளைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனார். "அம்மா, காலைலேர்ந்து உங்களைக் காணோம்னு பேசிக்கிட்டிருக்கேன். டெல்லிக்காரர் எழுதிக்கிட்டார். இப்பப்போய் கிடைச்சீங்கன்னா என் கேஸே படுத்துடும். திருத்தம் வர்ற வரைக்கும் கொஞ்சம் கிடைக்காம இருங்களேன்."

"புக்குல எம்பேரு வருமா?"

"அதெப்படி? 'இப்பெயரில் எழுதியவர் யாரென்று தெரியவில்லை'ன்னு உள்ளே ஒரு வரி வரும்."

ஜெசிந்தாவின் முகம் இறுகியது. "பத்திரிகைய இழுத்து மூடிட்டானுங்க. கடசி அத்தியாயம் வரவே இல்ல. கொலகாரன் யாருனு உனக்குத் தெரியுமா சார்?"

"ஆள் வெச்சு எழுதி முடிச்சாச்சு. மச்சினன்தான் கொன்னான்."

"மச்சினனா? அவன் நாலாவது வாரமே கடல்ல முயுகிச் செத்துட்டானே! நீ படிக்கவே இல்லியா?"

விறுவிறுவென்று மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தாள்.

"நான்தான் ஜெசிந்தா. கெடச்சிட்டேன்."

"ஆதாரம்?" என்று பின்னாலிருந்து கத்தினார் ஹரிகிருஷ்ணன்.

"கொலகாரன் பேரச் சொல்லவா?"

"ஐயோ, வேண்டாம்! புக்குல படிச்சுக்கிறோம்!" அரங்கமே அலறியது. எல்லோருக்கும் மேலாக அலறியவர் டெல்லி அதிகாரி.

ஹரிகிருஷ்ணன் அவள் காதருகே குனிந்தார். "கடைசி அத்தியாயம் இருக்கா?"

"வூட்ல கீது. அட்டையில எம்பேரு பெரிசா வந்தா தர்றேன்."

"வரும்மா. கோட்டையை விடப் பெரிசா வரும்."

சாப்பாடு முடிந்தது. ஹரிகிருஷ்ணன் சளைக்காமல் மீண்டும் மேஜையைக் குத்தினார்.

"நண்பர்களே! இன்னொரு அருமையான நாவல். எழுதினது சந்திரம்மா. அவரோட கணவரைத்தான் ஊரெல்லாம் தேடிக்கிட்டிருக்கேன்!"