சிவப்பு வட்டம் போட்ட காற்று

எழுபதுகளில் நான் வேலை பார்த்த வானிலை அறையில் இரண்டே சாதி. அம்பு போடுகிறவர்கள், மழை சொல்கிறவர்கள். நான் அம்பு போடுகிறவள். டெலிபிரிண்டர் துப்பும் எண்களைப் பார்த்து, ஐயாயிரம் அடி உயரத்துக் காற்றை வரைபடத்தில் ஊர் ஊராக அம்பாகக் குறிப்பேன். அம்பின் வாலில் நீளக் கோட்டுக்குப் பத்து நாட் வேகம், அதாவது மணிக்குப் பத்து கடல் மைல், குட்டைக் கோட்டுக்கு ஐந்து. அந்த அம்புகளைச் சேர்த்துக் காற்றோட்டம் வரைந்து மழை சொல்வது தங்கராஜு சார்.

வீட்டில் மட்டும் நான் கொஞ்சம் அளந்துவிட்டேன். ரேடியோவில் வரும் வானிலை நான் டைப் அடித்துக் கொடுப்பது என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அடிப்பது நான்தான், பொய்யில்லை. அப்பா அதை நான் சொல்வதாகவே எடுத்துக்கொண்டார். துறைமுகத்தில் கால் ஒடிந்து வீட்டோடு கிடந்தவருக்கு அது ஒரு பெருமை. மாதா கோயிலில் பாதிப் பேருக்கு அவர் வாயால் தெரியும்.

அந்த டிசம்பர் காலை, மலாயாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்த, பலூன் பறக்கவிட்டு அளந்த ஒரு காற்று அறிக்கை நாற்பத்தைந்து நாட் என்றது. சுற்றியிருந்த மூன்று ஊர்களும் பதினைந்துதான். நான் வந்ததை வந்தபடி போட்டேன். சார் சிவப்புப் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஒத்துவராத காற்றுக்கு வட்டம் போட்டுவிட்டு, கோட்டை அதைத் தாண்டி இழுத்துவிடுவது எங்கள் வழக்கம்.

"பதினஞ்சு லா இது. டெலிபிரிண்டர் ஒண்ண நாலா அடிச்சிருக்கு" என்றார்.

"ஏழாயிரம் அடியிலயும் நாப்பதுன்னு வந்திருக்கு சார். ரெண்டு உயரத்துலயும் ஒரே தப்பா வரும்?"

"ஒரு ஊரை நம்பி எப்படி வார்னிங் போடுறது, பிரிஜட்? நீ டைப் பண்ணு."

'லேசான மழை' என்று அடித்தேன். என் விரலாலேயே அடித்தேன். கடல் முழுக்க அந்தக் காற்று மழையைச் சுமந்துகொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. போத்தோங் பாசிர் கிராமத்தில் ஓலை வேய்ந்த எங்கள் அத்தாப் வீடு கால்வாயை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது. நான்கு மணி வரை நான் நாற்காலியை விட்டு எழ முடியாது.

சார் சாப்பிடப் போன நேரத்தில் எங்கள் பக்கத்துக் கடைக்காரர் அப்துல் முத்தலிப்புக்குப் போன் போட்டேன். மழை கொட்டப்போகிறது, அப்பாவை மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று கெஞ்சினேன். போய்ப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார்.

"வர மாட்டேன்றாரும்மா. பிரிஜட்டே ரேடியோவில லேசான மழைன்னு சொல்லிட்டா, நீ என்னத்த கண்டேன்னு கேக்குறாரு."

நான் சொன்னதாக மறுபடி சொல்லுங்கள் என்பதற்குள் லைன் போய்விட்டது. ஒரு மணிக்கு மழை இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே ரோடு தெரியவில்லை. என்னை நானே திட்டிக்கொண்டு, எண்களுக்காக டெலிபிரிண்டர் முன்னால் நின்றேன். அப்பாவை எழுப்ப வேறு வழி இல்லை. சார் மனசு மாறினால்தான் ரேடியோ மாறும், ரேடியோ மாறினால்தான் அப்பா அசைவார்.

இரண்டரைக்கு மற்ற மூன்று ஊர்களின் புது எண்களும் வந்தன. மூன்றிலும் நாற்பது. அம்புகளைப் போட்டு வரைபடத்தை அவர் முன்னால் வைத்தேன். அவர் காலையில் போட்ட சிவப்பு வட்டத்தை ரப்பரால் அழித்தார். வெள்ள எச்சரிக்கையை அடித்து, சாரின் கையெழுத்து காயும் முன்பே ரேடியோ நிலையத்துக்குப் போனில் வாசித்தேன்.

அடுத்த ஷிப்ட் ஆட்கள் வரவில்லை. இடுப்பளவு தண்ணீர் என்றார்கள். மறுநாள் காலை வரை அந்த அறையிலேயே கிடந்தேன். அப்பா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே காற்றைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய டிரான்சிஸ்டர். முத்தலிப் அவரை முதுகில் தூக்கிக் கிளம்பும்போதே கட்டில் மேல் தண்ணீர் ஏறியிருந்ததாம்.

"மூணு மணிக்கு நீ மாத்திச் சொன்னேல்ல, உடனே கிளம்பிட்டேன்மா" என்றார் அப்பா. "அதுக்கு முன்னாடி இந்த முத்தலிப் வந்து ஏதோ உளறினான். நான் கேக்கல."

பக்கத்தில் நின்ற முத்தலிப் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு அப்பாவின் காலிலிருந்த சேற்றைத் துடைத்தேன்.